ஆசியா உம்மாவின் பெயரோடு வந்த சொல்

கல்முனையில் நீதிமன்றத்துக்குப் போகிற வீதியில் எனக்கு ஒரு சின்னப் போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. அதன் வலது சுவரோரம் ஒரு மேசை, ஒரு கதிரை, ஓர் இரும்பு அலுமாரி. அது ஹுஸ்னியா ராத்தாவின் இடம். அக்காவை நாங்கள் ராத்தா என்போம், அண்ணனைக் காக்கா, தகப்பனை வாப்பா. ராத்தா சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தைத் தமிழாக்குவார், தமிழை ஆங்கிலமாக்குவார். இருபத்திரண்டு வருடங்களாக அங்கேதான் இருக்கிறார். கட்டாருக்குப் போகிறவரின் பிறப்புச் சான்றிதழ், லண்டன் மாப்பிள்ளையின் விவாகப் பதிவு, வழக்குக்கு வேண்டிய பழைய காணி உறுதிப் பத்திரம் எல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் போகும்.

ராத்தாவை அவசரப்படுத்த முடியாது. வாசலில் வான் நிற்கிறது, விமானத்துக்கு நேரமாகிறது என்று சொன்னாலும், கடைசி வரியை மூன்று தடவை வாசிக்காமல் முத்திரை குத்த மாட்டார். தெரியாத சொல் வந்தால் அதன் கீழே பென்சிலால் மெல்லக் கோடு போட்டுவிட்டு, வந்தவரை நாளைக்கு வரச் சொல்வார். ஏசிவிட்டுப் போனவர்களும் மறுநாள் வந்திருக்கிறார்கள். அவர் எழுதிக் கொடுத்தது எங்கேயும் திரும்பி வந்ததில்லை என்று ஊருக்குள் ஒரு பெயர்.

ராத்தா பிறந்தது சாய்ந்தமருதில். அவருடைய வாப்பா றேடியோ திருத்துகிறவர். திருத்திய றேடியோ சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நாள் முழுக்க அதை ஓடவிட வேண்டுமாம். தமிழ் நிகழ்ச்சியைப் போட்டால் வீட்டிலுள்ளவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று வாப்பா ஆங்கிலச் சேவையைப் போட்டுவிடுவார். அதையும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டது ராத்தா ஒருவர்தான். செய்தி, கிரிக்கெட் வர்ணனை, மீனவர்களுக்கான வானிலை, ஒன்றையும் விடவில்லை. "எனக்கு இங்கிலீசு படிப்பிச்சது பழுதாப்போன றேடியோக்கள்தான் தம்பி" என்பார்.

அவர் கல்யாணம் முடித்தது றாஸிக் காக்காவை. கல்முனைக்கும் கொழும்புக்கும் பஸ் ஓட்டினவர். ராத்தா இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் அவரிடம் இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற கையகல அகராதி ஒன்றுதான். நாலைந்து வருடம் அதை வைத்துச் சமாளித்தார். பிறகு ஒருநாள் றாஸிக் காக்கா மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் தலையணை மொத்தத்தில் ஓர் அகராதியை வாங்கி, பஸ்ஸில் தன் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அட்டை இல்லை. 'ஏ' எழுத்தில் முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. ராத்தா அதைக் காட்டிக் கேட்டதற்கு, "ஏயில தொடங்குற சொல்லெல்லாம் உனக்குத் தெரியும்தானே" என்றாராம்.

அந்த மனிதர் 2017இல் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். ராத்தா நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருந்தார். மேசை சும்மா கிடந்தது. வந்தவர்களை நான் திருப்பி அனுப்பினேன். அவர் திரும்பி வந்த பிறகு வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் நீட்டிய படிவங்களில் 'விதவை' என்ற கட்டத்துக்குள் அடையாளம் போட வேண்டியிருந்தது. போட்டார். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. "எங்கட இவரு இல்லாத பொறகு" என்றுதான் சொல்வார்.

போன வருடம் மே மாதம், ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கிற சுஜித்தா மிஸ் கடைக்கு வந்தார். தாவரங்களைப் பற்றி ஆராய்கிறவர். சாகாமம் குளத்துப் பக்கம் மிஞ்சியிருக்கிற சின்னக் காட்டுத் துண்டொன்றைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அங்கேயுள்ள வயற்காரர்கள் வாசிக்கிற மாதிரித் தமிழில் வேண்டும் என்றார்.

"பெரிய சொல்லொண்டும் போட்டுராதீங்க. அந்தக் காட்ட வெட்டாம உடணும். அதுக்காகத்தான்."

அவர் போன பிறகு ராத்தா வாசிக்கத் தொடங்கினார். நான் ஒரு வழக்குக்கட்டைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் நின்றபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பெரிய அகராதி விரிந்து கிடந்தது. ராத்தாவின் பென்சில் ஒரு வரியின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"என்ன ராத்தா, மொகமெல்லாம் ஒரு மாதிரி இரிக்கி?"

"தம்பி, ரெண்டாயிரத்து மூணாம் ஆண்டு கொப்பிக் கட்ட எடுங்க."

தான் மொழிபெயர்த்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது ராத்தாவின் பழக்கம். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தூசியைக்கூடத் தட்டாமல் பிரித்தார். தேடவே இல்லை, எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் மாதிரி நேராக ஒரு தாளை உருவினார்.

1894ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு காணி உறுதி. மருதமுனையிலிருந்து மீராமுகைதீன் என்றொருவர் கொண்டுவந்தது. ஆசியா உம்மா என்ற பெண் ஒரு வளவின் கிழக்குப் பாதியைத் தன் மகளுக்குக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணின் பெயருக்குப் பின்னால், காலஞ்சென்ற இஸ்மாலெவ்வையின் 'ரெலிக்ட்' என்று எழுதியிருந்தது. ராத்தாவின் சின்ன அகராதியில் அந்தச் சொல் இல்லை. கொப்பியில் கடைசி எழுத்துகளும் மங்கல். 'ரெலடிவ்' என்று எழுதப் போய் உறுதி எழுதிய நொத்தாரிசின் எழுத்தர் பிழைவிட்டிருக்கிறார் என்று ராத்தா நினைத்துக்கொண்டார். தமிழில் 'உறவினர்' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். தெரியாத ஒரு சொல்லை அவர் யூகித்து எழுதியது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் மறக்கவுமில்லை.

இப்போது சுஜித்தா மிஸ்ஸின் தாளில் அதே சொல். பழைய காலத்துக் காடு அழிந்தும் தாங்கள் மட்டும் எஞ்சி நிற்கிற மரங்களுக்கு அந்தப் பெயர். அகராதியைத் திறந்தால் அந்தப் பொருள் இரண்டாவதாக இருக்கிறது. முதலாவதாக இருப்பது வேறு.

"ஒறவுக்காரி இல்ல தம்பி. பொஞ்சாதி. மவுத்தான மனிசன்ட பொஞ்சாதி."

"இருவத்தொரு வருஷம் ராத்தா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லயே. உட்டுருங்க."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லாததுதான் எனக்குப் பயமாரிக்கி."

அடுத்த நாள் மதியம் ளுஹர் தொழுதுவிட்டுக் கடையைப் பூட்டினேன். என்னுடைய ஓட்டோவில் இரண்டு பேரும் மருதமுனைக்குப் போனோம். வழியெல்லாம் ராத்தா அந்தக் கொப்பித் தாளை மடியில் வைத்திருந்தார்.

உறுதியிலிருந்த வளவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மெயின் ரோட்டுப் பக்கம், மேற்குப் பாதியில் ஒரு பெரிய கல்வீடு. அதற்குப் பின்னால் கடல் பக்கம், கிழக்குப் பாதியில் இன்னொரு வீடு. இரண்டுக்கும் நடுவே ஆளுயரத் தகர வேலி, கறள் பிடித்துப்போய். முன்வீட்டு ஆளிடம் பின்வீட்டுக்கு வழி கேட்டேன். கையைக் காட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை. நாங்கள் கடற்கரை வீதியால் சுற்றிப் போனோம்.

மீராமுகைதீனின் மகள் ஆகிலா முன்னறையில் கைத்தறிச் சாரன்களுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ராத்தாவைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டார். உள்ளே திரும்பி மகளிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

"வாப்பா இரிக்காரா?" என்று ராத்தா கேட்டார்.

"அவரு மவுத்தாகிப் பதிமூணு வருஷம்."

ராத்தா இறந்தவருக்காக இன்னாலில்லாஹி சொன்னார். பிறகு அந்த உறுதியைப் பற்றி விசாரித்தார். ஆகிலா சிரிப்பில்லாத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அந்த உறுதியாலதான் எல்லாம். முந்தி எங்களுக்கு முன்னூட்டு வளவுக்குள்ளாலதான் பாத. வாப்பா அத எழுத்துல போட்டு வெச்சா பின்னடிக்கிப் புள்ளைகளுக்குப் பெரச்சின வராது எண்டு, உறுதியத் தமிழாக்கி முன்னூட்டு முகம்மது தம்பி மாமாட்டக் கொண்டு போன. அவரு வாசிச்சாரு. 'உங்கட மூத்தவ ஒறவுக்காரியாமே. எங்கட இஸ்மாலெவ்வ அப்பாட காணியில ஒட்டிக்கிட்டு இருந்தவ, எப்பிடி மகளுக்குக் குடுக்கிற?' எண்டு கேட்டாரு. கோட்டுக்குப் போகல்ல. ஆனா அண்டைக்கே வேலி அடைச்ச. அதுக்குப் பொறகு இந்தத் தெருவுல எங்களுக்குப் பேரு, எங்கயிருந்தோ வந்த ஆக்கள்."

தையல் மெஷினின் ஊசியைத் தூக்கி நூலை அறுத்தார்.

"வாப்பாட மையத்த வெச்ச சந்தூக்கயும் கடக்கரப் பக்கத்தால சுத்தித்தான் தூக்கிப் போன."

நான் ராத்தாவைப் பார்த்தேன். எழும்பிப் போய்விடலாம், பிறகு ஆறுதலாக ஒரு கடிதம் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. ராத்தா அசையவில்லை.

"ஆகிலா, அந்தச் சொல்ல எழுதினது நான். பிழையா எழுதிட்டன். ஆசியா உம்மா ஒறவுக்காரி இல்ல. இஸ்மாலெவ்வட பொஞ்சாதி. நேத்துத்தான் எனக்கே வெளங்கின."

ஆகிலா தைத்துக்கொண்டிருந்த சாரனை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். உள்ளேயிருந்து மகள் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ஆகிலா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"ராத்தா, இண்டைக்கிப் போய்ட்டு வாங்க."

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் ராத்தா அழுதார். கண்ணாடியில் தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

அடுத்து வந்த மூன்று வாரமும் ராத்தா வேறு வேலை எடுக்கவில்லை. காணிப் பதிவகத்துக்குப் போய் அந்த உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்தார். அதில் எழுத்து தெளிவாக இருந்தது, ஓரெழுத்தும் பிழையில்லை. பிழைவிட்டதாக ராத்தா நினைத்த அந்த எழுத்தர் செத்து எத்தனை காலமோ, பாவம், அவரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அந்த வரியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

சுஜித்தா மிஸ் அவரை ஒலுவில் வளாக நூலகத்துக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் என்ன பொருளில் எழுதப்பட்டது என்று காட்டுகிற பெரிய அகராதி அங்கே இருக்கிறதாம். காலையில் போனவர் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். கையில் ஆறு பக்கக் குறிப்பு. மிஸ்ஸும் கூட வந்தார். அன்றைக்கு ராத்தா பேசியது போல நான் எப்போதும் கேட்டதில்லை.

அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்ததாம். வேர்ப்பொருள், பின்னால் விட்டுச் செல்லப்பட்டது. அதே வேரிலிருந்துதான் மகான்கள் விட்டுப்போன எலும்பு, உடுப்பு இவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வந்திருக்கிறது. ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக, கணவன் இறந்த பெண்ணை அப்படி எழுதியிருக்கிறார்கள். முதலில் சாதாரணமாக. பிறகு பேச்சிலிருந்து போய்விட்டது, உறுதிகளிலும் கல்லறைகளிலும் மட்டும் தங்கிவிட்டது. கடல் பின்வாங்கி விட்டுப்போன நிலத்துக்கும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

"எங்கட ஒலுவில்ல கடல் எடுக்கிற மட்டும்தான், உடுறல்ல" என்றார் சுஜித்தா மிஸ்.

"பொஞ்சாதி செத்த ஆம்புளைக்கும் இதே சொல்லுதானா ராத்தா?" என்று நான் கேட்டேன்.

"தேடிப் பாத்தன் தம்பி. அநேகமா இல்ல. ஆம்புள செத்தா பொம்புள மிச்சம். பொம்புள செத்தா ஆம்புள ஆம்புளதான்."

மிஸ் சிரித்துவிட்டார். ராத்தா சிரிக்காமல் ஆறாவது பக்கத்தைத் திருப்பினார்.

"மறுகாத்தான் விசயம் இரிக்கி. போன நூற்றாண்டுல விஞ்ஞானம் படிச்ச ஆக்கள் இந்தச் சொல்ல எடுத்திரிக்காங்க. சுத்தவர எல்லாம் அழிஞ்சும் அழியாம இரிக்கிற மரத்துக்கு, மீனுக்கு, பாறைக்கு. பாருங்க மிஸ், சொல்லு ஒண்டுதான். ஐந்நூறு வருஷமா உட்டுட்டுப் போன சாமான். இப்ப நிண்டு புடிச்ச சாமான்."

சுஜித்தா மிஸ்ஸின் இரண்டு பக்கத்திலும் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் 'நின்றுபிடித்த மரங்கள்' என்று போட்டுக் கொடுத்தார். மிஸ்ஸுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

ஆசியா உம்மாவுக்கு என்ன எழுதுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. 'விதவை' என்று எழுதினார், வெட்டினார். "இது புருஷன் இல்லாதவ எண்டு சொல்லுது. இல்லாததச் சொல்லித்தான் ஒரு மனிசிக்குப் பேரு வெக்கிறதா?" 'கைம்பெண்' என்று எழுதினார். எங்கள் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று அதையும் வெட்டினார். இரண்டு நாள் கழித்து எழுதியது இது: 'காலஞ்சென்ற இஸ்மாலெவ்வை விட்டுச்சென்ற மனைவி ஆசியா உம்மா.' அதன் கீழே, முன்னைய மொழிபெயர்ப்பில் 'உறவினர்' என்று எழுதியது தன்னுடைய பிழை என்றும், அதற்குத் தானே பொறுப்பு என்றும் ஒரு குறிப்பு எழுதி, சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் கையெழுத்திட்டார்.

அதற்கு முதல், பக்கத்துக் கட்டடத்துச் சட்டத்தரணி ஒருவர் வந்து எச்சரித்தார். "இப்பிடி எழுத்துல குடுக்காதீங்க. நாளைக்கி உங்கட பழைய வேல ஒவ்வொண்டயும் ஆக்கள் சந்தேகப்படுவாங்க."

"படட்டும் சேர். சந்தேகம் வாறதக் கொண்டு வாங்க, நான் திருப்பி வாசிக்கிறன்."

அவர் சொன்னது நடக்காமல் இல்லை. இரண்டு அலுவலகங்கள் ராத்தாவுக்கு உறுதி அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. மாதக்கணக்கில் பிறப்புச் சான்றிதழ்கள் மட்டும்தான் வந்தன. ராத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை முறையிடவில்லை.

முகம்மது தம்பி மாமாவின் வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து. அறுபத்தெட்டு வயது, வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர். உயரமான மனிதர், சத்தமும் உயரம்தான். ராத்தா நீட்டிய தாளை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இருவத்தொரு வருஷத்துக்கு முந்தி ஒறவுக்காரி. இப்ப பொஞ்சாதி. அடுத்த வருஷம் என்ன எழுதுவீங்க புள்ள? அவங்க உங்களப் புடிச்சு எழுதுவிச்சிரிக்காங்க."

"இல்ல காக்கா. ஆகிலா என்னோட கதைக்கிறதே இல்ல. நானாத்தான் வந்த."

"அப்ப ஏன் வந்த?"

"பிழை என்ட. அதான்."

அவர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு உள்ளே போய், பெட்டியொன்றை இழுக்கிற சத்தம் கேட்டது. மஞ்சள் பிடித்த ஒரு கட்டோடு வந்தார்.

"எங்கட உறுதியும் இங்கிலீசிலதான் இரிக்கி. இத வாசிக்க இந்த வளவுல ஆளில்லாம எத்தின காலம். எங்கட மூத்தாப்பா இஸ்மாலெவ்வட சொந்த மகன். இதுல ஒரு ஒறவுக்காரியும் இல்ல. வாசிங்க பாப்பம்."

ராத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதலில் தனக்குள். வாசித்த வேகம் குறைந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது, இதைத் தான் சொன்னால் நம்புவாரா என்ற பயம்.

"காக்கா, இது அதே நாள் எழுதின உறுதி. அதே நொத்தாரிசு. அவங்கட உறுதிக்கு அடுத்த நம்பர். நான் சொல்லுக்குச் சொல்லு சொல்றன். 'ஆசியா உம்மா, காலஞ்சென்ற இஸ்மாலெவ்வட ரெலிக்ட், மேற்குப் பாதிய அவட மகன் அகமதுலெவ்வைக்கிக் குடுக்கிறா.' இந்த எழுத்தப் பாருங்க. இஞ்சயும் அதே சொல்லுதான்."

தான் கொண்டுவந்திருந்த ஆங்கில உறுதிப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எழுத்தின் வடிவம் தெரியும்தானே. முகம்மது தம்பி மாமா விரலை ஒரு தாளிலிருந்து மற்றத் தாளுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"அகமதுலெவ்வதான் என்ட மூத்தாப்பா" என்றார். சத்தம் இறங்கியிருந்தது.

"ஓம் காக்கா. ஆசியா உம்மாட மகன். கெழக்குப் பாதிய வாங்கினது அவட மகள். அந்த மகள்ட வழிதான் ஆகிலா. ஆசியா உம்மா ஒறவுக்காரி எண்டா, உங்கட பாதியும் அந்த ஒறவுக்காரி குடுத்ததுதான்."

உள்ளறை வாசலில் திரைச்சீலை அசைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி உம்முவின் குரல் வந்தது.

"இருவத்தொரு வருஷமா ஒரு வகுத்துப் புள்ளைகளத்தான் நாம வந்த ஆக்கள் எண்டு சொன்ன. மீராமுகைதீன் மச்சான்ட மையத்துக்கும் உடல்ல."

முகம்மது தம்பி மாமா ராத்தாவின் பிரதியை அவர் பக்கம் தள்ளினார். கட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு எழும்பினோம். வாசல் வரை வந்தது உம்மு ராத்தாதான். ஹுஸ்னியா ராத்தாவின் கையைப் பிடித்து, "நீங்க வந்தது நல்லம் புள்ள" என்றார்.

முகம்மது தம்பி மாமா மன்னிப்புக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. மூன்று நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாரி தொடங்குவதற்கு முதல் ஒருநாள் காலையில், தகர வேலியில் மூன்று தகடுகளைத் தானே கழற்றியிருக்கிறார். கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. கழற்றிய இடத்தில் கிடந்த கல்லையும் ஆணியையும் பொறுக்கி, ஒரு சாக்கு மணல் கொட்டி மட்டப்படுத்தியிருக்கிறார். ஆகிலா ஒரு கிழமைக்கு அந்தப் பக்கமே திரும்பவில்லையாம், கடற்கரை வீதியால்தான் சுற்றிப் போனாராம். எட்டாம் நாள் பெரிய மழை. பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்த மகளை உம்மு ராத்தா கூப்பிட்டு அந்த வழியால் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு பாதை பாதையாகிவிட்டது.

ஆகிலா கடைக்கு வந்தது அதற்கும் பிறகு. திருத்திய மொழிபெயர்ப்பின் பிரதி வேண்டும் என்றார். ராத்தா எழும்பி நின்றுகொண்டே கொடுத்தார். ஆகிலா நின்றபடியே முழுவதையும் வாசித்தார். தன் பிழை என்று ராத்தா எழுதிய குறிப்பை இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"விட்டுச்சென்ற மனைவி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "எங்கட வாப்பா இதக் கேட்டிருக்கணும் ராத்தா."

"ஓம்" என்றார் ராத்தா.

ஆகிலா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். போகப் போனவர் நின்றார்.

"உங்கட மாப்புள மவுத்தாகி எவ்வளவு காலம்?"

"ஏழு வருஷம்."

"என்ட இவரு மூணு வருஷம்" என்றார் ஆகிலா.

எனக்கும் அது அப்போதுதான் தெரியும். ராத்தா பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் தலையைத் தலையோடு வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், மேசையில் ஒரு தாளும் இல்லை. கோப்பைகளை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அன்றைக்கு ராத்தா தன்னைத் தேடி வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொன்னார். தெரியாத சொல் ஒன்றும் காரணமில்லை.

இந்த வருடம் நோன்புக்கு முதல் ஆகிலாவின் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. அழைப்பு எனக்கும் வந்தது, ராத்தாவுக்கும் வந்தது. ஆண்களுக்கு முன்வீட்டு வளவில் பந்தல். முகம்மது தம்பி மாமா வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இருத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், "இது உங்கட ஊட்டுக் கலியாணமா காக்கா?" என்று கேட்டார். "ஓம், எங்கட புள்ளதான்" என்றார்.

பின்வீட்டில் பெண்களுக்குச் சாப்பாடு. அங்கே நடந்ததை அடுத்த நாள் காலையில் ராத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடுகிற சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்திருக்கிறார்கள். ராத்தாவுக்கு ஒரு பக்கம் உம்மு, எதிரில் ஆகிலா. வேலை முடிந்து கடைசியாக வந்து உட்கார்ந்த ஆகிலா, புரியாணிக்குள்ளிருந்து ஈரல் துண்டொன்றைத் தேடி எடுத்து, ராத்தாவின் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்.

"அப்ப உங்கள மன்னிச்சிட்டாவா?" என்று கேட்டேன்.

"நான் கேக்கல்ல தம்பி" என்றார் ராத்தா. அன்றைய முதல் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆனா திண்டன்" என்றார்.